பாரிமுனையில் இருந்து ஒரு மாணவன்

நாடுகளின் வணிகமும் அரசியலும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று சொல்லித்தரும் ‘உலகளாவிய ஆய்வியல்’ (குளோபல் ஸ்டடீஸ்) பட்டத்தை ஆன்லைனில் படித்தால் வேலைக்கு உதவாது என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. பாரிமுனையில் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே அதைத்தான் படிக்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? “நம்ம பெட்டி எப்ப சார் போய்ச் சேரும்?” என்று ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள் போனில் துளைத்தெடுத்தார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்டெய்னர் நம்பர்தான். எங்கோ ஒரு கால்வாய் அடைத்தால் இங்கே ஏன் கப்பல் வாடகை ஏறுகிறது என்பது இப்போதுதான் புரிகிறது.

நேரலை வகுப்பு இரவு பத்தரைக்கு. வீடே தூங்க, மொட்டைமாடியில் கொசுவத்தியும் நானும்!

கட்டுரை தொடாத விஷயம் அங்கீகாரம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்த ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு அது பொருந்தாது. யுஜிசியின் 2025 விதிகளின்படி வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று தரும் சமநிலைச் சான்று நேரில் படித்தவர்களுக்குத்தான். என்னுடையது வெளிநாட்டுப் பட்டம். டிஎன்பிஎஸ்சி ஆசையை மூட்டை கட்டிவிட்டுத்தான் சேர்ந்தேன். அரசு வேலை கனவில் இருப்பவர்கள், பணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.