"கதைக்கிற வேலைதானே" என்ற அண்ணாவுக்கு

திருகோணமலை ஹோட்டல் ஒன்றின் வேலை விளம்பரம் இரண்டு நாளாக எல்லாருடைய பக்கத்திலும் ஓடுகிறது, நான் திரும்பவும் போடவில்லை. "ஊழியர் உறவு மற்றும் நலன் அலுவலர்". பட்டம், உளவளத்துணை டிப்ளோமா, மூன்று மொழி, சொந்த மோட்டார் சைக்கிள், சீசனில் ஞாயிறும் வரவேண்டும். சம்பளம் 35,000.

எனக்கு எரிச்சல் சம்பளத்தில்கூட இல்லை. கீழே ஒரு அண்ணா, "கதைச்சுக்கொண்டிருக்கிற வேலைக்கு இதுவே கூட" என்று எழுதியிருந்தார். அதற்குச் சிரிப்புப் போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். பெயர்களைப் பார்த்துவிட்டேன்.

சரி, கணக்குப் பார்ப்போம். 2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. ஆக, பட்டத்துக்கும் டிப்ளோமாவுக்கும் மூன்று மொழிக்கும் சேர்த்து விலை 5,000. ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஓய்வுகாலச் சேமிப்புக்கு, 8 வீதம், 2,800 ரூபா போனால் கையில் 32,200. பெற்றோல் அதற்குள்தான். கொரோனாவுக்குப் பிறகு கொழும்புப் பெரிய கம்பனிகளில் "நலன்" என்ற சொல் பதவிப் பெயர்களில் ஏறியது. அந்தப் பெயர் மட்டும் இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்திறங்கிவிட்டது, சம்பளம் பாதி வழியில் மாகோ சந்தியிலேயே இறங்கிவிட்டது போல.

கதைக்கிற வேலையா? நானும் அந்த வேலையில் நான்கு வருடம் இருந்தவள். இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு நாள் அறை துப்புரவு செய்யும் மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, படுக்கைவிரிப்பு அடுக்கிற அறைக்குள் என்னைக் கூப்பிட்டு, நாலாய் மடித்த சம்பளச் சீட்டுகளைக் காட்டினாள். மாதாமாதம் 8 வீதம் வெட்டியிருக்கிறது. "மிஸ், இந்தக் காசு என்ட பேர்ல போகுதா?" போகவில்லை. வெட்டின 8 வீதமும் போகவில்லை, முதலாளி போடவேண்டிய 12 வீதமும் போகவில்லை. அதை மேலே கொண்டுபோய்ச் சொன்னது நான், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம் என்று அவளிடம் சொன்னதும் நான். "நீ ஆருடைய ஆள்?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். இந்த வேலையில் சம்பளம் தருகிறவனும் நம்மை நம்பமாட்டான், அழுகிறவளும் பாதிதான் நம்புவாள். இதுதான் அண்ணா, அந்தக் கதை.

"ஹோட்டலுக்கு சீசன் ஆறு மாதம்தானே, எங்கிருந்து கொடுப்பார்கள்" என்பீர்கள். உண்மைதான், கஷ்டம்தான். அப்படியானால் ஆறு மாதத்துக்கு ஆள் எடுங்கள், டிப்ளோமா கேட்காதீர்கள். "கொழும்புக்குப் போகலாமே" என்பதற்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை, அங்கே போர்டிங் வாடகை தெரிந்தவர்கள் சொல்லட்டும். "வேலையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குக் கொழுப்பு" என்று ஒருவர் உள்பெட்டியில் அனுப்பியிருக்கிறார். வேலை இல்லாதவன் இருக்கிறான் என்பதற்காகத்தானே ஐயா இந்த விலை!

இன்னொன்றையும் கேட்கிறேன். இதே வேலைக்கு ஓர் ஆண் வந்தால் "மனிதவள முகாமையாளர்". பெண் வந்தால் "கதைக்கிற பிள்ளை". என் சொந்த மாமாவே, "வீட்டில உழைக்க ஒருத்தர் இருக்கிறார்தானே, உனக்குப் பொழுதுபோக்கு" என்றார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என் காசில் வாங்கிய பாரைக் குழம்பு. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த சேமலாப நிதிப் பிரச்சினை நடந்த வாரம், ஊழியர் சாப்பாட்டு அறைச் சுவரில் நானே ஒட்டிய 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி ஆறும்வரை நின்றேன். அழைப்பு எடுக்கவில்லை. யாரும் பார்த்தால் என்ன நினைப்பார்கள், நலன் அலுவலரே எடுக்கிறாளே என்று.

விளம்பரம் வந்த பிறகு மூன்று பிள்ளைகள் சீவி (சுயவிவரம்) பார்த்துத் தரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், மூன்றும் இந்த 35,000 வேலைக்குத்தான். ஒருத்தியின் சீவியில் "நன்றாகக் கதைப்பேன்" என்று இருந்தது. அதை வெட்டிவிட்டு, "முறைப்பாடுகளைக் கையாண்ட அனுபவம்" என்று எழுதிக் கொடுத்தேன்.