சீட்டுக்கட்டாகச் சரிவதற்கு முன்

வருமானம் குறைந்தால் முதலில் சேமிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று, குடும்ப வரவுசெலவு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் எங்கள் வீட்டில், கணவரின் வேலை போய் என் சம்பளம் மட்டுமே எஞ்சியபோது, அஞ்சலகத் தொடர் வைப்புக்கான 500 ரூபாயை விடாமல் கட்டிக்கொண்டே கிரெடிட் கார்டு பாக்கியைத்தான் முதலில் அடைத்தோம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில், கர்நாடக முகவரியுள்ள ஆதாரைக் காட்டும் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்பதால், ஸ்கூட்டரை விற்றுவிட்டு அலுவலகத்துக்குப் பேருந்தில்தான் செல்கிறேன். அவசரத்தில் ஏ.சி. பேருந்தில் ஏறிவிட்டு, டிக்கெட் எடுக்கும்போது மனம் பதைத்ததும் உண்டு. மிச்சமாகும் பெட்ரோல் காசு, இப்போது கடுகு டப்பாவுக்குள் தனியாகச் சேர்கிறது.