பதினான்காவது ஆட்டம் யாரும் போட்ட பிச்சை அல்ல

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நாலைந்து பேர் எனக்கே அனுப்பியிருந்தீர்கள். குகேஷின் உலக செஸ் பட்டம், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் போட்ட பிச்சையாம். முழு ஆட்டத்தையும் பார்த்த ஒருவரால் இப்படி எழுத முடியுமா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். கடைசி ஆட்டம், அதற்கு முன் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. வெள்ளையில் டிங் எஃப்3-க்குக் குதிரை, ஜி3, ஜி2-க்கு பிஷப் என்று ஆரம்பித்தார். வழக்கமாகக் கருப்பு ஆடுகிற குரூன்ஃபெல்ட் என்ற தொடக்க முறையை வெள்ளையில் ஆடுவது, கையில் ஒரு நகர்த்தல் கூடுதல். ஒன்பதாவது நகர்த்தலிலேயே குகேஷ் சிப்பாயை டி4-க்குத் தள்ளினார். ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில், வெள்ளைக்குப் பெரிதாக எதுவும் தேறவில்லை. 30ஆவது நகர்த்தலில் ராணிகள் மாறின, டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு, டிரா போதும் என்றுதான் ஆடினார். அது டிரா ஆகவேண்டிய நிலைதான், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் 25 நகர்த்தல் விடாமல் ஆடவைத்தது யார்? டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் கிடந்தபோது, 55ஆவதில் அவர் ரூக்கை எஃப்2-க்கு வைத்தார். ரூக் மாறியது, பிஷப் மாறியது, ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் ஜெயித்தார், முடிந்தது.

தவறு சும்மா வராது. அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வரும்.

டிங்கை நான் மட்டம் தட்டுவதாகச் சொல்வீர்கள். இல்லவே இல்லை, 12ஆவது ஆட்டத்தில் அவர் குகேஷை அடித்த அடியை நானே இங்கே கொண்டாடி எழுதினேன். 2013-இல் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்தை நார்வேயின் கார்ல்சன் இப்படித்தானே எண்ட்கேமில், காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில், அரைத்தார்? 2021-இல் தன்னிடம் பட்டத்துக்கு மோதிய நெப்போம்னியாச்சியை ஒரே ஆட்டத்தில் 136 நகர்த்தல் ஆடவைத்தாரே? அதெல்லாம் மேதைமை. நம் பதினெட்டு வயதுப் பையன் செய்தால் பிச்சையா?

என் மகளுக்குப் பதினொரு வயதில் ஒரு மாவட்டப் போட்டி. சமமான ரூக் எண்ட்கேம், எதிரே இருந்த பையன் டிரா கேட்டான், இவள் மாட்டேன் என்றாள். மற்ற பலகைகளெல்லாம் காலியான பிறகும் தனியாக உட்கார்ந்து ஆடி ஜெயித்தாள். வெளியே வந்ததும் ஒரு பெரியவர் அவள் முகத்துக்கு நேராக, “அவன் விட்டுக்கொடுத்தான், நீ ஜெயிச்சே” என்றார். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். அன்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டேன்.

அதனால்தான் இன்று கேட்கிறேன். பதிவு போட்டவரே, அந்தப் பதிவை நீக்குங்கள்.