வேலை செய்பவர்களுக்கான பாடநெறியாம்!

"சேவையிலுள்ள ஆசிரியர்களுக்கான பகுதிநேரப் பாடநெறி" என்று பட்டப்பின் கல்வி டிப்ளோமா விளம்பரத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சேவையிலுள்ள ஆசிரியர் திங்கள் முதல் வெள்ளி வரை எங்கே இருப்பார் என்று அதை எழுதியவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். காலை ஏழரைக்குப் பாடசாலையில் இருப்பார், பிற்பகல் ஒன்றரை வரை அங்கேதான் இருப்பார். அவர் பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் வங்கியில் கதவைச் சாத்திவிடுவார்கள். அலுவலகங்களில் "இன்று பொறுப்பானவர் போய்விட்டார்" என்பார்கள். இந்த எளிய கணக்கைக்கூடப் போடாமல், ஆசிரியர்களுக்காகவே உருவாக்கிய பாடநெறி என்று மார்தட்டுகிறார்கள்.

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கையில் பட்டம் இருக்கிறது. அந்த டிப்ளோமா இல்லை. அது இல்லாததால் நான் தொழில்தகைமை பெறாதவர். பதவி உயர்வு என்று வரும்போதெல்லாம் அந்தக் குறை முன்னால் வந்து நிற்கும். இந்த நிபந்தனையோடு எனக்குச் சண்டை இல்லை. ஒளித்தொகுப்பைப் பற்றி நான் அறிந்திருப்பது வேறு, அதைத் தரம் எட்டுப் பிள்ளையின் மண்டையில் ஏற்றுவது வேறு. கல்வி உளவியலும் அளவீடும் மதிப்பீடும் எனக்குத் தேவை, படிக்கத் தயாராகவும் இருக்கிறேன். ஆனால் படிப்புக்கு முந்திய விண்ணப்பம் என்ற அந்த வாசற்படியிலேயே மனிதரை உருக்குலைத்துவிடுகிறார்கள்.

இணையவழி விண்ணப்பம் என்றார்கள். நல்லது என்று நினைத்தேன். தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடான எங்கள் லயத்தின் பின்பக்கத்து மேட்டில் ஏறி நின்றால்தான் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்கும். படிவத்தில் பாதியை நிரப்பும்போது "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்று அது தானாகவே மூடிக்கொள்ளும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போய், பணம் கொடுத்து நிரப்பினேன். முடிந்ததா? இல்லை. நிரப்பியதை அச்செடுக்க வேண்டும், கையொப்பம் இட வேண்டும், திணைக்களத் தலைவரின் பரிந்துரை வாங்க வேண்டும், வங்கிச் சிட்டையை இணைக்க வேண்டும், எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். உறையின் இடது மூலையில் பாடநெறியின் பெயரை எழுத மறக்கக்கூடாதாம். பிறகு இணையம் எதற்கு? பழைய காகித வேலை ஒன்றும் குறையவில்லை, கூடவே புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"திணைக்களத் தலைவர் ஊடாக" என்ற அந்த வரியைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் என் இரத்தக் கொதிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நான் அரசாங்க ஆசிரியர் என்பதை நிரூபிக்க வேண்டுமாம். யாரிடம்? அரசாங்கத்திடம். என் நியமனக் கடிதத்தைக் கொடுத்தது அரசாங்கம். மாதந்தோறும் சம்பளம் போடுவது அரசாங்கம். என் சுயவிபரக் கோவை வலயக் கல்வி அலுவலகத்தில் தடித்துப்போய்க் கிடக்கிறது. இருந்தும் நான் அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதைக் கோட்டக் கல்வி அலுவலகத்தில் காட்டி, அங்கிருந்து வலயத்துக்குக் கொண்டுபோய், "இவர் இன்ன திகதியிலிருந்து இன்ன பாடசாலையில் கடமையாற்றுகிறார்" என்று ஒரு முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். அதிபர் கூட்டத்துக்குப் போயிருப்பார். கோட்டத்தில் உரியவர் பாடசாலை மேற்பார்வைக்குப் போயிருப்பார். வலயத்தில் என் கோவைக்குப் பொறுப்பான எழுதுவினைஞர் விடுமுறையில் இருப்பார். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டால், "அது என்னுடைய விடயம் இல்லை, டீச்சர், நாளை வாருங்கள்" என்பார். நாளை என்ற சொல்லை அவர் எவ்வளவு இலேசாகச் சொல்கிறார்! அவருடைய நாளை அதே நாற்காலியில் விடியும். என்னுடைய நாளைக்கு ஒரு நாள் லீவு, இரண்டு பஸ் டிக்கெட், ஐந்து பாடவேளை செலவாகும்.

அந்த ஐந்து பாடவேளையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு நான் மட்டுந்தான் இருக்கிறேன். நான் லீவு போட்டால் பதிலுக்கு வர ஆளில்லை. தரம் 11 பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கிறார்கள். அவர்களின் வகுப்பை மேற்பார்வை செய்ய சங்கீத ஆசிரியை போய் உட்காருவார், பாவம், அவரால் என்ன செய்ய முடியும்? நல்ல ஆசிரியராவதற்கு விண்ணப்பிக்கப் போய், இருக்கிற வகுப்பையும் கைவிட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், "மிஸ், இன்றைக்கும் ஹட்டனுக்கா?" என்று. கொழுந்து எடுத்த காசில் டியூஷனுக்கு அனுப்ப முடியாத பெற்றோரின் பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கு வகுப்பறையைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

அடுத்தது ஆவணங்கள். என் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது. அதில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, பட்டச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. மலையகத்தில் இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. அந்தக் காலத்தில் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதினார், தோட்டத்தில் யாருக்கும் அதை வாசித்துச் சரிபார்க்க வழியில்லை. இப்போது அதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, சமாதான நீதவானின் முத்திரை. பல்கலைக்கழகம் எனக்குப் பட்டம் தரும்போது இதே சான்றிதழைப் பார்த்துத்தானே தந்தது? அடையாள அட்டை இலக்கம் ஒன்றுதானே? அதைவிட இன்னும் என்ன வேண்டும்? அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் விண்ணப்ப முகப்பில் அறிவித்தல் முதலில் சிங்களத்தில் வருகிறது. தமிழ் அறிவித்தல் சில நாள் கழித்து, முடிவுத் திகதி மாறாமல் வருகிறது. அந்தச் சில நாளை யார் திருப்பித் தருவார்?

தபால் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு தபாலில் வருமாம். எந்த முகவரிக்கு? எங்கள் லயத்தில் வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர் எழுதினால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கிருந்து யாராவது நினைவு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வரும். திகதி கடந்த பிறகு அழைப்புக் கடிதம் வாங்கியவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டுப்பாருங்கள். வேலைக்கான கடிதம், வங்கிக் கடிதம், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் எல்லாம் இப்படித் தொலைந்திருக்கின்றன. மலையக மக்கள் இங்கு வந்து 1823இலிருந்து 2023 வரை 200 ஆண்டு என்று மேடை போட்டுப் பேசினார்கள், நடைபவனி போனார்கள். எனக்கு இன்றும் சொந்தமாக ஒரு தபால் முகவரி இல்லை. விண்ணப்பத்தில் பாடசாலை முகவரியைத்தான் எழுதுகிறேன். அதற்கும் ஒரு கேள்வி வந்தது: "நிரந்தர முகவரியும் இதுவா?"

இத்தனையும் கடந்து தெரிவானாலும் வகுப்பு எங்கே நடக்கும்? தமிழ்மொழி மூல வகுப்பு, போதிய ஆட்கள் சேர்ந்தால் கண்டியில் நடக்கும் என்றார்கள். சேராவிட்டால் கொழும்பாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரவுப் பதிவு. பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், பிறகு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது அந்த வழியில் ஒருமுறை மழையில் போனவருக்குத் தெரியும். முதல் பஸ்ஸில் ஏறினாலும் எட்டு மணிக்கு உள்ளே இருக்க முடியாது. வெள்ளி இரவே போய் யார் வீட்டிலாவது தங்க வேண்டும். சிறுபிள்ளை உள்ள ஆசிரியைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு ஓர் அதிகாரி சொன்ன பதில்: "அது உங்கள் தனிப்பட்ட பிரச்சினை." அப்படியானால் மலையகத்தில் தகைமை பெற்ற ஆசிரியர் பற்றாக்குறை என்று கருத்தரங்கு வைப்பது யாருடைய பிரச்சினைக்காக?

"கஷ்டப்படாமல் எதுவும் கிடைக்காது, நாங்களும் அப்படித்தான் படித்தோம்" என்று புத்திமதி சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. ஐயா, கஷ்டப்படுவதற்கு எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகளை வெளியே விட்டார்கள். எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அண்மைக் காலத்தில்கூட எங்கள் இளைஞர்களை ஆசிரியர் உதவியாளர் என்று சேர்த்து, மாதம் 6,000 ரூபாவில் வகுப்பெடுக்க வைத்தார்கள். அது பிறகு 10,000 ஆனதையே சாதனையாகச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் பஸ் செலவு போக மிச்சமில்லாமல் கற்பித்தவர்களை எனக்கு நேரில் தெரியும். கஷ்டம் படிப்பில் இருக்கட்டும், ஒப்படையில் இருக்கட்டும், கற்பித்தல் பயிற்சியில் இருக்கட்டும். முத்திரை குத்தும் மேசையில் எதற்கு?

இந்த டிப்ளோமாவில் உளவியலாளர் வைகொட்ஸ்கியைப் படிப்பிப்பார்கள். பிள்ளை தனியாகச் செய்ய முடியாததைப் பக்கத்தில் ஒருவர் கைகொடுத்தால் செய்துவிடும் என்பது அவர் சொன்னது. பரீட்சையில் அதற்குப் புள்ளியும் போடுவார்கள். அதைக் கற்பிக்கும் கட்டடத்தின் கீழ்மாடியில் விண்ணப்பக் கருமபீடம் இருக்கிறது. அங்கே கைகொடுக்க ஒருவரும் இல்லை. தொலைபேசி இலக்கம் என்று போட்டிருப்பதை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

வேண்டியது ஒன்றும் பெரிய புரட்சி அல்ல. சேவைச் சான்றை விண்ணப்பதாரி சுமக்கத் தேவையில்லை. எங்கள் பெயர்ப் பட்டியலைப் பாடநெறி நடத்தும் நிறுவனமே வலயத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ளலாம். மூலச் சான்றிதழ்களைத் தெரிவானவர்களிடம் மட்டும், பதிவு நாளில் பார்க்கலாம். அழைப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம், அதற்கு முகவரி தேவையில்லை. முடிவுத் திகதிக்கு முந்திய இரண்டு சனிக்கிழமைகளில் வலய அலுவலகத்தில் ஒரேயொரு மேசையைத் திறந்து வைக்கலாம். தமிழ் அறிவித்தல் பிந்தினால் திகதியும் பிந்த வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் தரட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். தமிழ்மொழி மூலம் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், ஆவணக் குறைபாடு என்று தூக்கி எறியப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் நுவரெலியா, பதுளை மாவட்டத்தவர் எத்தனை பேர் என்று கேட்டு விண்ணப்பம் எழுதி முடித்துவிட்டேன். அதையாவது வார நாளில் நேரில் வந்து கொடு என்று சொல்லாமல் தபாலில் ஏற்றுக்கொள்வார்களா என்று பார்ப்போம்.