முதலில் சன்னலைத் திறங்கள்!

தென்னாப்பிரிக்காவில் 2021 ஆகஸ்ட் 2 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் தினமும் வகுப்புக்கு வரலாம் என்றானது. கொரோனாவுக்காகப் பிள்ளைகளுக்கு இடையே ஒன்றரை மீட்டராக இருந்த இடைவெளி ஒரு மீட்டராகச் சுருங்கியது. அதைப் பார்த்து டர்பன் பக்கம் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் கோயில் மண்டபங்களில் மறுபடி தொடங்கின. தொடங்கியது சரி. ஆனால் இடைவெளி குறைந்தால் காற்றோட்டம் அதிகமாக வேண்டும் என்பது ஏன் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை?

வாசலில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டர், பெயர் எழுத நோட்டு, கையில் சானிடைசர். உள்ளே போனால் சன்னல் மொத்தமும் மூடிக் கிடந்தது, ஏசி ஓடியது! சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதே இல்லை. பிள்ளைகள் விட்ட மூச்சையே குளிர வைத்துத் திரும்ப அவர்கள் முகத்தில் விடுகிறது. கொரோனா காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2021 ஏப்ரலில் எழுதிவிட்டது. காசநோயும் அப்படித்தான், அதற்காகச் சன்னலைத் திறக்கச் சொல்வது இந்த நாட்டு கிளினிக்குகளில் பழைய பாடம்.

காய்ச்சல் பார்ப்பதால் என்ன பயன்? தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடலாம். பிள்ளைகள் பலருக்குக் காய்ச்சலே வராது. குளிர்க்காற்றில் நின்றுவிட்டு வந்த நெற்றியோ, இருக்கும் சூட்டையும் குறைத்துக் காட்டும்.

ஒரு பக்கச் சன்னலை மட்டும் திறந்தால் போதாது, எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் திறக்க வேண்டும். கதவும், மேலே உள்ள சின்னச் சன்னல்களும் சேர்த்து. பெருவின் லீமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், சன்னலும் கதவும் திறந்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை மாறியது. ஒரு ராண்டும் செலவில்லை! காற்று அசையாத நாளில், பெடஸ்டல் ஃபேனைச் சன்னல் பக்கம் வெளிநோக்கித் திருப்பி வைத்து உள்காற்றைத் தள்ளுங்கள். டர்பனில் வடகிழக்கோ தென்மேற்கோதான் பெரும்பாலும் அடிக்கும். காற்று வெளியேறும் பக்கம் பார்த்து ஃபேனை வையுங்கள், எதிர்த்து வைக்காதீர்கள். இடைவேளையில் பிள்ளைகள் வெளியே, கதவு சன்னல் எல்லாம் விரியத் திறப்பு. தேவாரம் சேர்ந்து பாடுவதா? வராந்தாவுக்குக் கூட்டிப் போங்கள். உரக்கப் பாடும் வாயிலிருந்து பேசும் வாயைவிட அதிக நுண்துளி வருகிறது. அதே காரணத்தால்தான் பாடம் நடத்த முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கும் ஆசிரியரைப் பார்த்தால் பதறுகிறது: அறையிலேயே பெரிய குரல் அவருடையது. பிளாஸ்டிக் முகத்தடுப்பு மட்டும் போட்டால் காற்று அடியிலும் பக்கத்திலும் தாராளமாகப் போய்வரும்.

விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கரியமில வாயு மீட்டர் வாங்குவோர் மலிவுப் பெட்டிகளில் ஏமாற வேண்டாம். அகச்சிவப்புக் கதிரால் அந்த வாயுவையே அளக்கும் என்டிஐஆர் (NDIR) சென்சார் உள்ளதுதானா என்று பாருங்கள். மற்றவை ஆவியை மோப்பம் பிடித்துக் கணக்குப் போடுபவை. பக்கத்தில் சானிடைசர் தெளித்தாலே எண் எகிறும். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும், வகுப்பில் 800-க்குள் வைக்கப் பாருங்கள். சன்னல் ஓரத்தில் வைக்காமல், பிள்ளைகள் மூச்சுவிடும் உயரத்தில், அவர்களை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பெஞ்சு துடைக்க ஜிக் என்ற பிளீச் திரவம் போதும். 3.5 சதவீதப் புட்டியில் 30 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாள் வீரியம் இருக்காது. கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். தயவுசெய்து பிள்ளைகள் இருக்கும்போது தெளிக்காதீர்கள். ஆஸ்துமாப் பிள்ளைகள் மூச்சு முட்டிப்போவார்கள். துணியில் நனைத்துத் துடையுங்கள்.

மண்டபச் சாவி வைத்திருப்பவரே, இந்த வாரம் பெயின்ட் ஒட்டிக் கிடக்கும் சன்னல் சட்டங்களைக் கத்தியால் கீறி விடுவியுங்கள், கொக்கிக்கு எண்ணெய் போடுங்கள். சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து திறந்துவிடுங்கள்.