வெள்ளி நாணயத்தின் நிறமும் சேகரிப்பாளர்களின் மாறிவரும் ரசனையும்

பழைய வெள்ளி நாணயம் என்றால் நேற்றுத்தான் அச்சிட்டதுபோல வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதனாலேயே எண்ணற்ற நாணயங்கள் அமிலக் கரைசலில் முக்கி எடுக்கப்பட்டன. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. நீலமும் ஊதாவும் பொன்மஞ்சளும் படர்ந்த நாணயம், அதே தரத்திலுள்ள வெள்ளை நாணயத்தைவிடப் பல மடங்கு விலைக்குப் போவதை ஏலங்களில் பார்க்கிறோம். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால், எதற்காக நிறத்தை மதிக்கத் தொடங்கினோமோ அந்தக் காரணம் மறைந்து, நிறம் மட்டும் விற்பனைப் பொருளாகி வருகிறது என்பதே என் வருத்தம்.

டோனிங் என்று நாம் சொல்வது, காற்றிலும் காகிதத்திலும் துணியிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிவதால் உண்டாகும் வெள்ளி சல்பைடுப் படலம். அந்தப் படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால்தான், சோப்புக் குமிழியில் தெரிவதைப் போன்ற வண்ணங்கள் பிறக்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஏறக்குறைய ஓர் ஒழுங்கில் மாறிச் சென்று, இறுதியில் கறுப்பில் முடிகின்றன. இயல்பாக டோன் ஆன நாணயத்தில் இந்த வரிசை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படிப்படியாக நகர்வதைப் பெரும்பாலும் காணலாம்.

அந்தப் படலத்துக்கு அடியில் இருப்பதுதான் என் பார்வையில் முக்கியமானது. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வழிந்தோடி, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச்செல்கிறது. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும்போது சுழன்று வரும் ஒளிப்பட்டைக்கு, அதாவது லஸ்டருக்கு, அந்தக் கோடுகளே காரணம். தயோயூரியாவும் அமிலமும் கலந்த கரைசலில் டிப் செய்தால் சல்பைடோடு அது பற்றியிருந்த வெள்ளியும் சேர்ந்தே போய்விடுகிறது. ஒரு முறை, கவனமாகச் செய்தால் பெரிய சேதம் தெரியாமல் போகலாம். திரும்பத் திரும்பச் செய்தால் கோடுகள் மழுங்கி, நாணயம் வெள்ளையாகவும் உயிரற்றதாகவும் நிற்கும். இழந்த லஸ்டரை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. எனவே டோனிங்கைப் போற்றும் ரசனை பரவியதால் பல நாணயங்கள் டிப்பிலிருந்து தப்பின. இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

நிறத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மோர்கன் டாலர்கள் என்ற வெள்ளி நாணயங்கள் 1878 முதல் 1904 வரையும், மறுபடி 1921-லும் அச்சிடப்பட்டன. அவற்றில் கோடிக்கணக்கானவை புழக்கத்துக்கே வராமல், ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டுக் கருவூலக் கிடங்குகளில் கிடந்தன. 1962-இன் இறுதியிலிருந்து 1964 மார்ச் வரை அந்தப் பைகள் பெருமளவில் வெளியேறின. பைத்துணியை ஒட்டிக் கிடந்த நாணயங்களில் வண்ணம் ஏறியது. பக்கத்து நாணயம் மறைத்திருந்த பகுதி பிறை வடிவில் வெள்ளையாகவே நின்றது. துணியின் நெசவு பதிந்த நாணயங்களும் உண்டு. 1947 முதல் 1958 வரை அமெரிக்க நாணயச்சாலை அட்டையில் பொதித்து விற்ற தொகுப்புகளிலும் அட்டையிலிருந்த கந்தகம் இதே வேலையைச் செய்தது. இப்படிப்பட்ட நிறத்தைப் பார்க்கும்போது அந்த நாணயம் எங்கே, எதனோடு கிடந்தது என்பதை நம்மால் ஓரளவு படித்துவிட முடிகிறது. எனக்கு டோனிங்மீது பற்று வந்ததே இதனால்தான்.

1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி ஆகிய தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாணயங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தரத் தொடங்கின. பின்னர் இணையத்தில் படம் பார்த்து வாங்கும் பழக்கம் வந்தது. சிறிய திரையில் லஸ்டர் தெரியாது, வானவில் நிறம் உடனே தெரியும். விலை நிறத்தின் பின்னால் ஓடியதும், வெப்பத்தாலும் கந்தகச் சேர்மங்களாலும் சில மணி நேரத்தில் நிறம் ஏற்றுவோர் பெருகினார்கள். சல்பைடு எப்படி உண்டானாலும் சல்பைடுதான் என்பதால், நிபுணர்களும் நிறங்களின் வரிசையையும் படர்ந்த விதத்தையும் கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய நிறமென்றால், நாணயத்தின் தரத்தைக் குறிக்கும் எண்ணை வழங்க மறுக்கிறார்கள். அந்த மறுப்பு சில வேளைகளில் நேர்மையான நாணயத்தையும் தண்டித்துவிடலாம் என்றாலும், அது தேவை என்றே கருதுகிறேன்.

இந்த ஆரவாரத்தில் ஒதுக்கப்படுவது, மரப்பேழைகளிலும் காகித உறைகளிலும் தலைமுறைகளாக இருந்து சாம்பலும் பழுப்புமாக அமைதியாக மாறிய நாணயங்களே. அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர் எரிக் நியூமன் பல பத்தாண்டுகள் சேர்த்த தொகுப்பு 2013 முதல் ஏலங்களுக்கு வந்தபோது, யாரும் கைவைக்காத அந்தப் பழைய மேற்பரப்புகளுக்கு அனுபவமுள்ளவர்கள் போட்டியிட்டு விலை கொடுத்தார்கள். புகைப்படத்தில் மங்கலாகத் தெரியும் அத்தகைய நாணயத்தை, கண்ணைப் பறிக்கும் வானவில் டாலரைவிட மேலாகவே நான் மதிக்கிறேன்.

எல்லா டோனிங்கும் நல்லதென்று சொல்ல வரவில்லை. கறுப்பு நிலையை எட்டிய படலம் லஸ்டரை முழுவதும் மறைத்துவிடும், அடியிலுள்ள உலோகத்தையும் அரித்திருக்கலாம். ஆகவே வண்ண நாணயம் வாங்க நினைப்பவர்கள், நேரான ஒரே படத்தை நம்பாமல், ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பும் காணொளியை விற்பவரிடம் கேளுங்கள். நிறத்துக்கு அடியில் அந்த ஒளிப்பட்டை தடையில்லாமல் சுழன்று வராவிட்டால், வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.