பெறுநர் யார்?

பஞ்சாயத்து மெம்பரான ஒரு பெண்ணை அவள் சொந்தக் கட்சிக்காரனே கேவலமாகப் பேசிய அந்த ஆடியோவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், அதை இங்கே எழுதி அந்தப் பெண்ணை இன்னொரு முறை நோகடிக்க மாட்டேன். எனக்கு ஆத்திரமே நேற்று கட்சி கொடுத்த விளக்கத்தின் மேல்தான். "உட்கட்சி விஷயம், கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டோம்." அவளையும் அவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினார்களாம். ரொம்ப நல்லது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பஞ்சாயத்து மெம்பரைச் சொந்தக் கட்சிக்காரனே கேவலமாகப் பேசினால் அவள் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? பத்துப் பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில்கூட, வேலையிடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டப்படி உள் புகார்க் குழு வைக்க வேண்டும். கட்சிக்கு வேண்டாமாம். கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி தொழிலாளி உறவு இல்லை, அதனால் கட்டாயமில்லை என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, 2025-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. சரி, கட்டாயமில்லை. தானாக வைக்கக் கூடாது என்று எந்தக் கோர்ட் சொன்னது?

2010-ல் கேரள உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று முதல் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம், தமிழ் பேசுகிற வார்டு எங்களுடையது. குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னைக் கட்சிக்காரர்கள் தேடி வந்து நிறுத்தினார்கள், ஜெயித்தேன். இரண்டாம் மாதமே இரவு பதினொரு மணிக்கு போன். முதலில் பேசாத போன், அப்புறம் பேசுகிற போன். தெரிந்த குரல். கட்சியில் மேலே இருந்தவரிடம் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்து, "சேச்சி, இதைப் பெரிசாக்க வேண்டாம்" என்றார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, என்னைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் இவர் என் முகம் பார்த்துப் பேசவில்லை. போனில் வந்ததைவிட அந்த ஒரு வாரம்தான் இன்னும் உறுத்துகிறது.

"போலீஸ் இருக்கிறதே" என்பீர்கள். போனேனே. தமிழில் எழுதிய மனுவை மலையாளத்தில் எழுதி வரச் சொன்னார்கள். வாசலில் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் எங்கள் கட்சிக்காரர். (சிரிக்காதீர்கள்.)

பொய்ப் புகார் வரும் என்கிறார் ஒரு தம்பி. வரட்டும், விசாரிக்கத்தானே குழு. ஆண்களையும்தான் திட்டுகிறார்கள் என்கிறார் இன்னொருவர். திட்டுகிறார்கள். எந்த ஆண் மெம்பருடைய பெண்டாட்டியைக் கூப்பிட்டு "உன் புருஷனை அடக்கி வை" என்று சொன்னார்கள், ஒருவரைக் காட்டுங்கள்.

பொலிவியாவில் 2012-ல் ஹுவானா கிஸ்பே என்ற கவுன்சிலரைக் கொன்ற பிறகு, அரசியலில் பெண்களைத் துன்புறுத்துவதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். மதுரை வில்லாபுரத்தில் தண்ணீருக்காக நின்ற கவுன்சிலர் லீலாவதியை 1997-லேயே வெட்டிக் கொன்றார்கள். நாம் அதன்பின் என்ன போட்டோம், மாலை போட்டோம். கட்சியைப் பதிவு செய்ய விதிமுறைப் புத்தகம் கொடுக்கத்தானே வேண்டியிருக்கிறது? அதில் ஒரு பக்கம் கூட்டச் சொல்லட்டும் தேர்தல் ஆணையம்: புகார்க் குழு, அதற்குப் பெண் தலைவர், கட்சிக்கு வெளியே இருந்து ஒருவர். இதற்கு என்ன கோடியா செலவாகும்? சுவரெழுத்துக்கு ஆகிற சுண்ணாம்புக் காசுகூட ஆகாது. போஸ்டரில் எங்கள் முகம் வேண்டும், மேடையில் குத்துவிளக்கு ஏற்ற நாங்கள் வேண்டும், வாய் மட்டும் வேண்டாம்.

காலையிலிருந்து இரண்டு பேர் கூப்பிட்டு இந்தப் பதிவை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுக்க மாட்டேன். அந்தப் பெண் இன்று மதியம் என் வீட்டுக்கு வருகிறாள். மலையாளத்தில் எழுத இப்போது எனக்கே வரும். பெறுநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.